அடி வாங்கும் எஃகு

மின்கலத்தில் இயங்கும் இம்பாக்ட் ரெஞ்ச் இன்று பட்டறைகளைத் தாண்டி வீடுகளுக்குள் வந்துவிட்டது. காரின் சக்கரங்களை இடம் மாற்றவும், துருவேறிய போல்ட்டைக் கழற்றவும் ஆர்வமுள்ளோர் பலர் அதை வாங்குகின்றனர். வாங்கியதும் பெரும்பாலோர் செய்யும் முதற்செயல், கருவிப் பெட்டியில் ஏற்கெனவே பளபளத்துக் கிடக்கும் கைச் சாக்கெட்டை எடுத்து அதில் மாட்டுவதுதான். சதுரத் துளை பொருந்துகிறது, நட்டின் அளவும் பொருந்துகிறது. பிறகென்ன தடை என்றே தோன்றும். தடை எஃகின் உள்ளே இருக்கிறது.

கையால் திருப்பும்போது விசை மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இம்பாக்ட் ரெஞ்சோ அடித்தே திருப்புகிறது. அதனுள்ளே மோட்டார் ஒரு சம்மட்டியைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது. நட்டு அசைய மறுக்கும் கணத்தில் சம்மட்டி ஒரு சுருள்வில்லை அழுத்தியபடி பின்வாங்கி, சாக்கெட் பொருந்தும் தண்டாகிய பட்டடையின் பிடியிலிருந்து விடுபட்டு, வேகமெடுத்து மீண்டும் அதன் மேல் மோதுகிறது. மின்கலக் கருவிகளில் இம்மோதல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 முதல் 3,500 முறை நிகழும். ஒவ்வொரு மோதலும் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் முடிந்துவிட, அந்தச் சிறு பொழுதுக்குள் முறுக்குவிசை தன் உச்சத்தைத் தொட்டு மீள்கிறது. பிடித்திருப்பவரின் மணிக்கட்டை எட்டுவது வெறும் அதிர்வே. அடியை வாங்கி நட்டுக்குக் கடத்தும் சுமை முழுவதும் சாக்கெட்டின் மெல்லிய சுவரின் மேல் விழுகிறது.

இங்கே கடினம் வேறு, உரம் வேறு என்பதை உணர வேண்டும். கண்ணாடி கடினமானது; ஆனால் ஓர் அடிக்குத் தாங்காது. எஃகிலும் இவ்விரண்டும் பெரும்பாலும் எதிரெதிர்த் திசையில் செல்வன. ஏறத்தாழ 850 பாகை செல்சியசில் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்ச்சல் கொடுத்த எஃகு மிகக் கடினமாகவும், எளிதில் நொறுங்குவதாகவும் இருக்கும். அதை மீண்டும் அளவான சூட்டில் வைத்துப் பதப்படுத்தும்போது கடினம் சிறிது குறைந்து உரம் ஏறுகிறது. எந்தச் சூட்டில் பதம் நிறுத்துவது என்பதே சாக்கெட் செய்பவரின் கலை. 1914-இல் அமெரிக்காவில் ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் இருவரும் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அளவீட்டு முறையில் சொன்னால், கைச் சாக்கெட்டுகள் ராக்வெல் சி அளவில் பொதுவாக 50-ஐ ஒட்டி நிற்கும். இம்பாக்ட் சாக்கெட்டுகள் சில எண்கள் கீழே, 40-களில் நிறுத்தப்படும். கீழே நிறுத்துவதால் குறைந்த வலிமையைச் சுவரின் தடிமனால் ஈடுகட்டுகிறார்கள். இம்பாக்ட் சாக்கெட் பருத்துக் கறுத்திருப்பதன் பாதிக் காரணம் இது.

மறுபாதி, அதன் நிறம். கைச் சாக்கெட்டின் பளபளப்பு நிக்கல், குரோமியம் ஆகிய முலாம்களால் வருவது. அடியில் அடிப்படை எஃகு நெளிந்துகொடுக்க, மேலுள்ள குரோமியப் படலம் நெளிய முடியாமல் விரிசலிட்டுச் செதிள்களாக உரியும். சவர அலகின் கூர்மையுடைய அச்செதிள்கள் விரலைக் கிழிக்கும். கண்ணை நோக்கிப் பறந்தால் விளைவு கொடிது. முலாம் பூசும் மின்வேதித் தொட்டியில் பிறக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் கடின எஃகுக்குள் புகுந்து அதை மேலும் நொறுங்கச் செய்வதும் உண்டு. ஆகவேதான் இம்பாக்ட் சாக்கெட்டுக்குக் கறுப்பு ஆக்சைடோ மாங்கனீசு பாஸ்பேட்டோ மேற்பூச்சாகிறது. அது எண்ணெயைப் பிடித்துவைக்கும், உரிந்து விழாது. அழகில் சற்றுப் பின்தங்கினாலும் தன் பணிக்கு உண்மையானது.

விலைச்சீட்டில் குரோம்-மாலிப்டினம் என்றால் உயர்வு, குரோம்-வனேடியம் என்றால் தாழ்வு என்று கருதுவோர் பலர். இக்கருத்தை நான் ஏற்பதில்லை. இரண்டிலும் குரோமியம் நூற்றுக்கு ஒரு பங்கை ஒட்டியே இருக்கிறது. மாலிப்டினமோ வனேடியமோ அதிலும் சிறு பின்னம். மாலிப்டினம் தடித்த சுவரின் உட்பகுதி வரை தோய்ச்சல் சீராக இறங்க உதவுகிறது என்பது மெய்யே. ஆனால் நன்கு பதப்படுத்திய குரோம்-வனேடியச் சாக்கெட், பதம் தவறிய குரோம்-மாலிப்டினத்தை எளிதில் வெல்லும். பதத்தைக் கண்ணால் காண இயலாது என்பதால்தான், தன் பெயரையும் தரக்குறியையும் துணிந்து உடலில் பொறிக்கும் தயாரிப்பாளரை நாட வேண்டியிருக்கிறது. பொறியால் இயக்கும் சாக்கெட்டுகளுக்கு ஐஎஸ்ஓ 2725-2 என்ற பன்னாட்டுத் தரமும், டின் 3129 என்ற ஜெர்மானியத் தரமும் உள்ளன.

இனி விலைக்கு வருவோம். ஒரே அளவுள்ள இரு இம்பாக்ட் சாக்கெட்டுகளில் ஒன்று மற்றதைப்போல் பல மடங்கு விலை சொல்லும். அந்தக் கூடுதல் பணத்தின் பெரும்பகுதி எதற்கு? அயர்ச்சியை வெல்வதற்கு.

1842 மே 8-ஆம் நாள் பாரிசுக்கு அருகே மெதோனில் ஓர் இரயில் எஞ்சினின் அச்சு முறிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாள்தோறும் தாங்கிவந்த சுமையையே தாங்கிக்கொண்டிருந்த இரும்பு ஒருநாள் திடீரென முறிவதேன் என்ற வினா அன்றைய பொறியாளர்களை வாட்டியது. பிரஷ்ய இரயில்வேப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850-களிலும் 60-களிலும் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்து ஆய்ந்து விடை கண்டார். ஒருமுறை ஏற்றினால் ஊறு செய்யாத சுமையும், பல்லாயிரம் முறை ஏறி இறங்கினால் எஃகை முறிக்கும். இதுவே அயர்ச்சி. சுமை குறையக் குறைய, முறிவுக்குத் தேவையான முறைகளின் எண்ணிக்கை பெருகும். ஓர் எல்லைக்குக் கீழே சென்றால் எஃகு ஏறக்குறைய முடிவின்றி உழைக்கும்.

இந்த அறிவை வீட்டுக்காரரின் கணக்கோடு பொருத்திப் பார்ப்போம். சக்கரத்துக்கு நான்கு நட்டு வீதம் ஒரு சிறிய காருக்குப் பதினாறு நட்டுகள். நிமிடத்துக்கு 3,000 அடி தரும் கருவியால் ஒரு நட்டு மூன்று நொடியில் கழல்வதாகக் கொண்டால், நட்டுக்கு 150 அடி, வண்டிக்கு 2,400 அடி. ஆண்டுக்கு இருமுறை இப்பணி நடந்தால் பத்தாண்டில் 48,000 அடிகள். நாளொன்றுக்கு இருபது வண்டிகள் வந்துபோகும் டயர் கடையின் சாக்கெட் இதே 48,000 அடிகளை ஒரே நாளில் வாங்கிவிடுகிறது. டயர் கடைக்காரர் விலையுயர்ந்ததை வாங்குவது அறிவுடைமை. அவர் வாங்கும் நீடுழைப்பு அவருக்குச் செலவாகிறது. வீட்டுக்காரர் அதே பணத்தைக் கொடுத்தால், தம் வாழ்நாளில் பயன்படுத்தி முடிக்காத உழைப்பையே விலைகொடுத்துப் பெட்டியில் பூட்டிவைக்கிறார். ஆகவே மலிவு விலைச் சாக்கெட்டை வீட்டுக்கு வாங்குவதில் இழிவில்லை.

ஆயினும் நொறுங்கும் சாக்கெட் முதல் அடியிலேயே நொறுங்கும்; தளர்வான சாக்கெட் முதல் நட்டிலேயே அதன் முனைகளை மழுக்கிவிடும். இவ்விரண்டிலும் மலிவுக்கு இடமில்லை. உரத்தைப் பொறித்த பெயரை நம்பியே வாங்குகிறோம். பொருத்தத்தைக் கடையிலேயே கண்ணாலும் கையாலும் அறியலாம். சாக்கெட்டின் வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே நோக்குங்கள். ஆறு பக்கங்களாக இருக்க வேண்டும். பன்னிரு முனையுள்ளது நட்டின் நுனிகளை மட்டுமே பற்றும். ஆறு மூலைகளும் ஊசிமுனையாகக் கூடாமல் சிறு வளைவோடு அகழ்ந்திருந்தால், விசை நட்டின் மூலையை விட்டு விலகிப் பக்கத்தில் படும். சாக்கெட்டின் விரிசல் தொடங்கும் இடமும் அந்த உள்மூலையே என்பதால் இவ்வளைவு இருவகையிலும் காப்பு. சுற்றிலும் சுவரின் தடிமன் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள்; ஒருபுறம் தடித்து ஒருபுறம் மெலிந்தால், துளை மையம் தவறியிருக்கிறது. பின்புறச் சதுரத் துளையின் பக்கவாட்டில் குறுக்கே ஒரு துளையும், வெளிப்புறத்தில் வளையம் அமர ஒரு காடியும் இருக்கும். ஆணியும் ரப்பர் வளையமும் மாட்டிச் சாக்கெட் தெறித்து விழாமல் காப்பதற்கானவை அவை. கையோடு ஒரு புது நட்டைக் கொண்டுசென்று மாட்டி அசைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

வீட்டுக்கு அரை அங்குலச் சதுரப் பிடியே போதும். கார் சக்கரத்துக்கு ஆழமான சாக்கெட் வேண்டும். மாருதி, ஹோண்டா கார்கள் பெரும்பாலும் 19 மில்லிமீட்டர் கேட்கும். ஹூண்டாய், டொயோட்டா 21. அலாய் சக்கரங்களில் நட்டு இறங்கும் குழி குறுகலானது. அங்கே தடித்த சுவர் நுழையாது என்பதால், 17, 19, 21 ஆகிய மூன்றையும் மெல்லிய சுவரோடும் வண்ண நெகிழி உறையோடும் தொகுப்பாக விற்கிறார்கள். சக்கரப் பணிக்கு அது தக்கது. எஞ்சினின் முரட்டுப் போல்ட்டுக்குத் தடித்த சுவரே ஏற்றது. பத்து முதல் இருபத்துநான்கு வரை வரிசையாக அடுக்கிய பெரும்பெட்டி கண்ணைக் கவரும். அதில் பாதி ஒருநாளும் வெளியே வராது. நீட்டுத் தண்டையும் அளவுமாற்றியையும் இயன்றவரை தவிருங்கள். நீண்ட தண்டு ஒவ்வோர் அடியிலும் முறுக்குவில்லாக நெகிழ்ந்து, ஆற்றலில் ஒரு பங்கை விழுங்கிவிடும். கைச் சாக்கெட்டுக்கான தண்டை இங்கே மாட்டுவதும் கைச் சாக்கெட்டை மாட்டுவதற்கு ஒத்த பிழையே.

கழற்றுவதற்கு மட்டுமே இம்பாக்ட் ரெஞ்சைப் பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சக்கர நட்டுக்குச் சிறிய கார்களில் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரையே தேவை. வண்டியின் கையேட்டில் சரியான எண் இருக்கும். இம்பாக்ட் ரெஞ்ச் இரு நொடியில் அந்த எல்லையைத் தாண்டி, திருகாணியை இழுத்து நீட்டிவிடும். நட்டைக் கையால் ஏற்றி, முறுக்குவிசை காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

இன்றே வாங்க நினைப்போர், அரை அங்குலப் பிடியில், ஆறு முனையுள்ள, பெயர் பொறித்த கறுப்புச் சாக்கெட்டுகளில் தம் வண்டிக்குரிய இரண்டு மூன்று அளவுகளை மட்டும் நடுத்தர விலையில் வாங்கினால் போதும். மிஞ்சும் பணத்தில் முதலில் ஒரு கண்காப்புக் கண்ணாடி வாங்குங்கள். அதை அணியாமல் கருவியின் விசையைத் தொடாதீர்கள்.