போடி ஏலக்காயும் டேப்லெட்டும்... ஒரே போட்டோவில் ஏன் ரெண்டு பச்சை?

போடிநாயக்கனூர் ஏல மையத்தில் வியாபாரிகளின் முன்னால் கம்ப்யூட்டர் இருக்கும். லாட் எண், எத்தனை மூட்டை, எத்தனை கிலோ, விலை இப்போது எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அதில் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால், காய் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள யாரும் அந்தத் திரையைப் பார்ப்பதில்லை. கைக்கு வரும் மாதிரியைக் கொட்டி, விரலால் புரட்டி, ஒன்றிரண்டை உடைத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறார்கள்.

நறுமணப் பொருள்கள் வாரியம் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்தின் புத்தடியிலும் ஏலக்காய்க்கு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது 2007-ல். இரண்டு மையங்களையும் இணைத்து நேரலையாக ஏலம் நடத்தும் வசதி 2021-ல் வந்தது. வாய்விட்டுக் கூவிய ஏலம் போய், பொத்தானை அழுத்தும் ஏலம் வந்துவிட்டது. கையில் காயைப் பார்ப்பது மட்டும் போகவில்லை.

ஏல மையத்துக்கு வெளியே கதை வேறு. மலையில் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவர், ‘ஸ்டோர்’ என்று அங்கே சொல்லப்படும் உலர்த்தும் கூடத்திலிருந்து காய் வெளியே வந்ததும் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரு நொடியில் தாண்டி, அந்தப் படம் கீழே வந்துவிடுகிறது. சென்னைக்கும் போகிறது, டெல்லிக்கும் போகிறது. அங்கிருந்து பதில் வருகிறது: “கலர் கம்மியா இருக்கே?”

அனுப்பியவர் தன் போனைப் பார்க்கிறார். நல்ல பச்சை. வீட்டில் பிள்ளை படிக்க வாங்கிய டேப்லெட்டில் அதே படத்தைத் திறக்கிறார். லேசாக மஞ்சளடித்தாற்போல் இருக்கிறது. கையில் இருக்கும் காய் இரண்டு மாதிரியும் இல்லை. இதில் எது நிஜம்?

பச்சைக்குத்தான் பணம்

சேலை வாங்குகிறவருக்கு கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை, பாட்டில் பச்சை எல்லாம் ரசனை சார்ந்தது. ஏலக்காய்க்காரருக்கு அது விலை. 2019 ஆகஸ்ட் 3-ம் தேதி புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டது. இப்படிப்பட்ட ஒரு பொருளில், ஒரே பருமனுள்ள இரண்டு காயில் பச்சை நின்ற காய்க்கு ஒரு விலை, வெளுத்த காய்க்கு வேறு விலை. ஏற்றுமதித் தரத்தின் பெயரிலேயே நிறம் இருக்கிறது: ‘ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு’. ஏழு மில்லிமீட்டருக்குக் குறையாத முதல்தரக் காய்க்கு அந்தப் பெயர்.

அந்தப் பச்சையைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை. பறித்த காயில் இருப்பது இலையில் இருக்கும் அதே பச்சையம்தான். சூடு கூடினாலும், வெயில் பட்டாலும் அது ஓடிவிடும். அதனால்தான் இங்கே காயை வெயிலில் பரப்பிக் காயப்போடுவதில்லை. பறித்ததும் கழுவி, சிலர் சலவை சோடாக் கரைசலில் பத்து நிமிஷம் நனைத்து, ஸ்டோரில் சுமார் 45-லிருந்து 55 டிகிரி சூட்டில் நிதானமாகக் காயவைக்கிறார்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் உள்ளே போனால், ஒரு கிலோ காய் வெளியே வரும். பிறகு, வெளிச்சம் புகாதபடி கறுப்பு பாலிதீன் பையில் போட்டு, சாக்கில் கட்டி வைக்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய நிறத்தை ஒரு மலிவான டேப்லெட் ஒரே நொடியில் வெளுத்துக் காட்டிவிட்டால், பேரத்தில் அடி யாருக்கு?

சின்னது, பெரியது... எதில் கலர் நல்லா இருக்கும்?

“போனில் சரியாகத் தெரியாது, பெரிய டேப்லெட்டில் பாருங்கள்” என்பதுதான் பலரும் சொல்லும் யோசனை. பெரிய திரை என்றால் நல்ல நிறம் என்று ஒரு நம்பிக்கை. அது பாதிக்குமேல் தப்பு. திரையின் அளவுக்கும் நிறத்தின் தரத்துக்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் இல்லை. உள்ளே என்ன பேனல் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

இதற்கு நல்ல உதாரணம் ஆப்பிள் நிறுவனத்திடமே இருக்கிறது. 2013 நவம்பரில் 9.7 இன்ச் ஐபேட் ஏர், 7.9 இன்ச் ரெடினா ஐபேட் மினி என்று இரண்டு டேப்லெட்டுகள் அடுத்தடுத்துக் கடைக்கு வந்தன. இரண்டிலும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றே: 2048-க்கு 1536. அத்தனை புள்ளிகளும் சின்னத் திரைக்குள் நெருக்கமாக அடைந்ததால், எழுத்தெல்லாம் மினியில்தான் இன்னும் கூர்மை. ஆனால், நிறத்தில் மினி கோட்டைவிட்டது. திரைகளைச் சோதிக்கும் ‘டிஸ்ப்ளேமேட்’ நிறுவனம் அளந்து பார்த்தபோது, பொது அளவுகோலான எஸ்ஆர்ஜிபி நிற எல்லையில் ஏறக்குறைய 63 சதவிகிதத்தைத்தான் மினியால் காட்ட முடிந்தது. அதே காலத்தில் வந்த 7 இன்ச் கிண்டில் ஃபயர் ஹெச்டிஎக்ஸ், நெக்ஸஸ் 7 ஆகியவை அதைவிட மிக நல்ல நிறம் காட்டின. ஆக, ‘சின்னது என்பதால் நிறம் குறைந்தது’ என்றும் சொல்ல முடியாது. 2015-ல் வந்த ஐபேட் மினி 4-ல் அந்தக் குறை சரியானது.

அடுத்த வருஷம் கதை தலைகீழ். 2015-ல் வந்த 12.9 இன்ச் ஐபேட் ப்ரோவைவிட, 2016 மார்ச்சில் வந்த 9.7 இன்ச் ப்ரோவுக்கு அகலமான நிற எல்லை. பெரியதற்கு அது கிடைக்க 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சாம்சங்கில் இன்னொரு விதம்: கேலக்ஸி டேப் எஸ்8 வரிசையில் 11 இன்ச்சுக்கு எல்சிடி, 12.4 இன்ச்சுக்கும் 14.6 இன்ச்சுக்கும் அமோலெட். எஸ்9 வந்தபோதுதான் மூன்றுக்கும் அமோலெட் கிடைத்தது. ஒரே கம்பெனி, ஒரே வரிசை, ஒரே பெயர். நிறம் மட்டும் வேறு. கடைக்காரர் இதையெல்லாம் எடுத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவருக்கு ரேமும் பேட்டரியும்தான் விற்கத் தெரியும்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? எல்சிடி திரையில் பின்னாலிருந்து வரும் வெள்ளை வெளிச்சம், சிவப்பு, பச்சை, நீலம் என்ற வடிகட்டிகள் வழியாக வெளியே வருகிறது. வடிகட்டி அடர்த்தியாக இருந்தால் நிறம் சுத்தமாக இருக்கும். ஆனால், வெளிச்சம் குறையும். அதைச் சரிக்கட்ட விளக்கைக் கூட்டினால் பேட்டரி சீக்கிரம் தீரும். வடிகட்டியை மெலிதாக்கினால் வெளிச்சம் தாராளம், பேட்டரியும் நிற்கும், விலையும் இறங்கும். நிறம் மட்டும் தண்ணீர் கலந்த பால்போல ஆகிவிடும். சிவப்பும் பச்சையும்தான் முதலில் அடிவாங்கும். ஏலக்காய்க்கு வந்த வினை அதுதான்.

அமோலெட் திரையில் வினை எதிர்ப்பக்கம். அங்கே ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் நிறம் அடர்த்தி. கூடவே ‘விவிட்’ என்ற அமைப்பு பல கருவிகளில் வாங்கும்போதே போடப்பட்டிருக்கும். அது எல்லா நிறத்தையும் ஒரு படி தூக்கிக் காட்டும். சாதாரணக் காயும் சாயம் தோய்த்த மாதிரி பளபளக்கும். சென்னையில் ஒருவர் அந்தப் படத்தை நம்பி ஆர்டர் போட்டு, பார்சலைப் பிரித்ததும் “ஏமாத்திட்டாங்க” என்பார். ஏமாற்றியது போடிக்காரர் இல்லை.

அளவு செய்யும் ஒரு வேலை மட்டும் உண்டு. அது கண்ணுக்குள் நடப்பது. பெயின்ட் கடையில் தீப்பெட்டி அளவு அட்டையில் பார்த்த பச்சை, சுவர் முழுக்க அடித்ததும் ‘இவ்வளவு தூக்கலா இருக்கே’ என்று தோன்றும் இல்லையா? அதேதான். ஒரே நிறம் பெரிய பரப்பில் தெரியும்போது, கண்ணுக்கு இன்னும் பளிச்சென்றும் அடர்த்தியாகவும் படும். ஆகவே, 8 இன்ச் டேப்லெட்டும் 12 இன்ச் டேப்லெட்டும் அளவுகருவியில் ஒரே நிறத்தைக் காட்டினாலும், பார்ப்பவருக்குப் பெரியதில் காய் கொஞ்சம் உசத்தியாகத் தெரியலாம்.

வாங்கும்போதும், அனுப்பும்போதும்

டேப்லெட் வாங்கப் போகிறவர்கள் விவரக் குறிப்பில் ஒரு வரியைத் தேட வேண்டும். ‘எஸ்ஆர்ஜிபி 100 சதவிகிதம்’ என்றோ, ‘டிசிஐ-பி3’ என்றோ இருந்தால் நல்லது. பல மலிவு டேப்லெட்டுகளில் ‘என்டிஎஸ்சி 45 சதவிகிதம்’ என்று இருக்கும். அது வேறு அளவுகோல். அதில் சுமார் 72 இருந்தால்தான் எஸ்ஆர்ஜிபி முழுசாக வரும். 45 என்றால், அந்தப் பழைய ஐபேட் மினி காட்டிய நிறம்தான். எதுவுமே எழுதவில்லை என்றால் கையில் இருக்கும் போனிலிருந்து ஒரு வாழையிலைப் படத்தையோ, வீட்டில் இருப்பவர் முகத்தையோ அதில் திறந்து பார்த்துவிடலாம். கடையில் ஓடும் டெமோ வீடியோவை மட்டும் நம்பக் கூடாது. எந்தத் திரையிலும் அழகாகத் தெரிவதற்கென்றே எடுத்த படம் அது.

இருக்கிற கருவியிலும் கொஞ்சம் சரிசெய்யலாம். ‘விவிட்’ என்பதை ‘நேச்சுரல்’ ஆக மாற்றலாம். ராத்திரியில் கண் கூசாமல் இருக்கப் போடும் ‘நைட் லைட்’ பலரது போனில் பகலிலும் அணைக்காமலே கிடக்கும். அது திரை முழுக்க மஞ்சள் பூசிவிடுவதால், பச்சைக்காய் பழக்காயாகத் தெரியும். விலை பேசும் முன் அதை அணைப்பது முதல் வேலை.

படம் எடுப்பவர் பக்கமும் தப்பு உண்டு. ஸ்டோரின் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்தால், எது வெள்ளை என்று தெரியாமல் கேமரா தடுமாறி நிறத்தை இஷ்டத்துக்கு மாற்றிவிடும். காலை வெளிச்சத்தில், நேர்வெயில் படாத திண்ணையில், வெள்ளைத் தாள்மேல் காயைப் பரப்பி எடுத்தால் பாதிச் சண்டை தீரும். எதிராளியின் திரையில் அந்தத் தாள் மஞ்சளாகத் தெரிந்தால், பழி காய்மேல் இல்லை என்று இருவருக்குமே புரிந்துவிடும்.

நெல் வயலில் இந்தப் புத்தி முன்பே வந்துவிட்டது. யூரியா எப்போது போடுவது என்று பார்க்க, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் ‘இலை வண்ண அட்டை’ ஒன்று உண்டு. வெவ்வேறு பச்சைப் பட்டைகள் உள்ள பிளாஸ்டிக் அட்டை அது. காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், உடம்பின் நிழலில், பத்து இலைகளை அட்டையோடு ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும். அந்த அட்டையை போட்டோ பிடித்து போனில் வைத்துக்கொண்டால் பிரயோஜனம் இல்லை. ஏலக்காய்க்கும் அப்படி ஓர் அட்டை இருந்து, இங்கே ஒன்றும் டெல்லியில் ஒன்றுமாக வைத்துக்கொண்டால், “அட்டையில் எத்தனாம் பச்சை?” என்று போனிலேயே பேசி முடித்துவிடலாம்.

அதுவரைக்கும் பழைய வழிதான். படம் பிடித்திருந்தால், விலை முடிக்கும் முன் “ஒரு கால் கிலோ மாதிரி அனுப்புங்க” என்று வாங்குகிறவர் கேட்கலாம். கேட்காவிட்டாலும் விற்கிறவர் அனுப்பலாம். வெளிச்சம் படாத கறுப்புக் கவரில்.