தொழில் தொடங்க யாரைக் கேட்பது?

1920களின் தொடக்கத்தில் சிவகாசி அய்யா நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ள அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் தங்கிப் பழகி, ஊர் திரும்பி அவர்கள் தொடங்கிய தொழில், மழை பொய்க்கும் கரிசல் மண்ணில் ஒரு தொழில் நகரத்தையே உருவாக்கியது. தொழில் அறிவு அந்நாளில் ஆட்களிடம் இருந்தது. அது வேண்டுமென்றால் ஆள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும், அவர் சொல்லித்தரச் சம்மதிக்க வேண்டும், கற்று முடியும்வரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டது பெரும்பாலும் உறவும் சாதியும்தான். நாடார் வணிகர்கள் மகமை பிரித்துப் பொதுப்பணம் சேர்த்தார்கள். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியையே தொடங்கினார்கள். இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். உறவும் சாதியும் செய்த இந்த வேலையைக் கோவையில் லேத் பட்டறை செய்தது. எடுபிடியாகச் சேர்ந்த பையன் வருஷக்கணக்கில் உழைத்து, கை திருந்தி, முதலாளிக்கு நம்பிக்கை வந்துவிட்டால், “தனியா ஒரு லேத் போட்டுக்க, ஜாப் ஒர்க் நான் தர்றேன்” என்பார். பழைய மெஷினைத் தவணைக்குக் கொடுப்பதும் அவரே. இரும்புக் கடையில் “நம்ம பையன்தான், கடனுக்குப் போடுங்க” என்று சொல்லி வைப்பதும் அவரே. திருப்பூர் பனியன் தொழிலில் உழைப்பை மட்டும் வைத்திருந்தவரும் பணம் வைத்திருந்தவரும் கூட்டாளிகளாகச் சேர்ந்து கம்பெனி போட்டார்கள்.

இந்த ஏற்பாட்டின் உயிர் எங்கே இருந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஆலோசனை சொன்னவரின் பணமும் சரக்கும் பெயரும் அந்தப் புதுப் பட்டறையில் மாட்டியிருந்தன. பையன் தோற்றால் அவருக்கும் நஷ்டம். “இப்ப வேண்டாம், இன்னும் ஒரு வருஷம் போகட்டும்” என்றும், “அந்த ஆளுக்குச் சரக்கு குடுக்காதே, பணம் வராது” என்றும் சொல்ல அவருக்குக் காரணம் இருந்தது.

ஆனால் அந்தக் கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை. தலித் தொழிலாளி ஒருவர் அதே பட்டறையில் காலமெல்லாம் லேத் ஓட்டினாலும், அவருக்காக இரும்புக் கடையில் சொல்ல ஆள் கிடைப்பது அரிதாகவே இருந்தது. பெண்களுக்கு அந்தப் பட்டறை வாசலே கிடையாது. ஊறுகாயும் அப்பளமும் போட்டு விற்ற பெண்கள் அக்கம்பக்கத்தைத் தாண்ட நினைத்தால், ஆலோசனைக்கு மாமாவோ கணவரோ, பணத்துக்குத் தண்டல்காரர். பழைய முறையின் நல்லதைப் பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே பேச வேண்டும்.

இந்தக் கதவை அரசு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் திறந்தது. 1949இல் தொழில் முதலீட்டுக் கழகம், 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை, 1970இல் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோ, 1978 முதல் மாவட்டத் தொழில் மையங்கள். உறவு இல்லாதவரும் போய் நின்று கேட்கக்கூடிய ஓர் இடம் மாவட்டத் தலைநகரில் உண்டாயிற்று. நின்று கேட்பதுதான் பெரும்பாடு. முதலில் தற்காலிகப் பதிவு, உற்பத்தி தொடங்கியபின் நிரந்தரப் பதிவு. நடுவில் மின்வாரியம், உள்ளாட்சி, வங்கி என்று அலைச்சல். கிண்டி சிறுதொழில் சேவை நிலையம் ஒவ்வொரு தொழிலுக்கும் மாதிரித் திட்டக் குறிப்புகள் வெளியிட்டது. அவை ஆங்கிலத்தில் இருந்தன. தமிழில் படிக்க விரும்பியவருக்கு மணிமேகலைப் பிரசுரம் போன்றவர்கள் போட்ட சுயதொழில் புத்தகங்கள் கைகொடுத்தன. அந்தப் புத்தகங்களை யாரும் இளக்காரமாகப் பேசக் கூடாது. சோப்பு காய்ச்சவும் மெழுகுவத்தி வார்க்கவும் சிற்றூர்களில் இருந்தவர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்தவை அவை.

இன்று அந்த அலைச்சலில் பெரும்பகுதி கைபேசிக்குள் வந்துவிட்டது. சிறுதொழில்களுக்காக 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் இல்லை. (கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.) முத்ரா கடன் 2015இல் வந்தது. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு மாநில அரசின் நீட்ஸ் திட்டம் இருக்கிறது. 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் ஆதிதிராவிட, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீத முதலீட்டு மானியம் தருகிறது. யாருடைய பையன், யாருடைய மனைவி என்று விண்ணப்பம் கேட்பதில்லை. இது சின்ன மாற்றம் இல்லை.

ஆனால் தகவல் பெருகிய அளவுக்கு யோசனை சொல்ல ஆள் பெருகவில்லை. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 2019 ஜனவரி முதல் தடை செய்ததும் பாக்குமட்டைத் தட்டு பற்றிய வீடியோக்கள் குவிந்தன. மாதம் இவ்வளவு லாபம், இடம் பத்துக்குப் பத்து போதும், செய்த தட்டை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்பவர் பல நேரம் மெஷின் விற்பவர். மெஷின் விற்றதும் அவர் லாபம் அவர் பைக்குப் போய்விடுகிறது. மட்டை எந்தப் பருவத்தில் கிடைக்கும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தால் என்ன செய்வது, சந்தையில் ஏற்கெனவே எத்தனை பேர் தட்டு வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதை அவர் சொல்லத் தேவையில்லை. பழைய பட்டறை முதலாளிக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அரசு ஏற்பாட்டிலும் இதன் சாயல் தெரிகிறது. குறு உணவுத் தொழில்களுக்காக 2020இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் மாவட்ட வள நபர் ஒருவர் உண்டு. திட்ட அறிக்கை எழுதவும் வங்கிக்கு நடக்கவும் உரிமம் வாங்கவும் அவர் கூட வருவார், தொழில்முனைவோர் பணம் தர வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடு, பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் அவருக்கான ஊதியம் கடன் அனுமதியோடு கட்டப்பட்டிருக்கிறது. மசாலாப் பொடி மூன்றாவது மாதம் கடையிலிருந்து திரும்பி வரும்போது அவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

அதனால் என்னிடம் கேட்பவர்களிடம் மெஷின் வாங்கும் முன்பே போக வேண்டிய இடங்களைச் சொல்கிறேன். உணவுப் பொருள் என்றால் தஞ்சாவூரில் உள்ள உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம், கோவை வேளாண் பல்கலைக்கழகம். அங்கே பயிற்சியோடு தயாரித்துப் பார்க்கவும் வசதி உண்டு. அதில் வந்த சரக்கைத் தெரியாத பத்துக் கடைகளில் வைத்து, இரண்டாம் முறை கேட்கிறார்களா என்று பாருங்கள். பொறியியல் வேலை என்றால் கோவை கொடிசியா போல அந்தந்த ஊர்ச் சிறுதொழில் சங்கங்கள். எந்த வியாபாரி பணத்தை இழுத்தடிப்பார் என்ற விவரம் இன்றும் அங்கேதான் வாய்வழியாகக் கிடைக்கிறது.

பணம் வராதது அன்றும் இன்றும் சிறுதொழிலைச் சாய்க்கும் நோய். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. முறையிடச் சென்னை, கோவை, திருச்சி, மதுரையில் வசதியாக்க மன்றங்கள் உள்ளன, இணையத்திலேயே மனுப் போடலாம். இதைத் தெரிந்தவர்களும் மனுப் போடத் தயங்குகிறார்கள். வாங்குபவர் ஒருவரையே நம்பி நடக்கும் பட்டறையில், மனுப் போட்ட மறுநாள் ஆர்டர் நின்றுவிடும். அதனால்தான் இரண்டாவது வாடிக்கையாளரைப் பிடிக்கும்வரை மூன்றாவது மெஷினுக்குக் கடன் வாங்காதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.