குற்றாலம் சீசனுக்கு நாயையும் கூட்டிட்டுப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க

ஜூன்ல சாரல் விழ ஆரம்பிச்சதும் ஆபீஸ் குரூப்ல வர்ற முதல் மெசேஜ், “குற்றாலம் எப்போ போறோம்?” என்பதுதான். நாலு பேர், ஒரு ரூம், செலவைப் பிரிச்சுக்கலாம். சிம்பிள் கணக்கு. ஆனா வீட்ல ஒரு நாய் இருந்தா டிக்கெட், ரூம், நாள் திட்டம் எல்லாமே மாறும். அதனால லீவு அப்ளை பண்றதுக்கு முன்னாடியே பட்ஜெட்டைப் போட்டுடுவோம்.

1. ரயிலா, காரா?

சென்னையிலிருந்து தென்காசி போக நிறைய பேர் நம்புறது பொதிகை எக்ஸ்பிரஸ். ஆனா எந்த ரயிலா இருந்தாலும் ஸ்லீப்பர், ஏசி 3 டயர், ஏசி 2 டயர்ல நாய்க்கு அனுமதி இல்லை. விதிப்படி வழி இரண்டுதான். ஒண்ணு, முதல் வகுப்பு ஏசியில 2 பெர்த் கூபேயோ 4 பெர்த் கேபினோ முழுசா உங்களுக்கே இருக்கணும். இன்னொண்ணு, கார்டு வேன்ல இருக்கிற நாய்க்கூண்டு. எதுவானாலும் முன்கூட்டியே ஸ்டேஷனுக்குப் போய், பார்சல் ஆபீஸில் லக்கேஜ் கட்டணம் கட்டி ரசீது வாங்கணும். புக் பண்ணாம ஏத்திட்டு மாட்டினா, லக்கேஜ் கட்டணத்தைப் போல 6 மடங்கு வசூலிப்பாங்க.

பணம் போற இடம் எது தெரியுமா? முதல் வகுப்பு டிக்கெட் எடுத்தாலே கூபே கிடைச்சிடாது. அது சார்ட் போடும்போதுதான் ஒதுக்கப்படும். கூபே கேட்டு முன்னாடியே ரயில்வேக்கு எழுதிக் கொடுக்கலாம், உத்தரவாதம் கிடையாது. சார்ட் வந்த பிறகு ‘கிடைக்கலை’ன்னு கேன்சல் பண்ணினா, உறுதியான டிக்கெட்டுக்குப் பொதுவா பணம் திரும்ப வராது. அதனால மாற்று ஏற்பாடு ஒண்ணு கையில வச்சுக்கோங்க.

கார்ல போனா 600 கிலோமீட்டருக்கு மேல. பெட்ரோல், டோல் ரெண்டையும் போக, வர என்று கணக்கில் எழுதுங்க. வழியில டீ குடிக்க இறங்கும்போது நாயை உள்ளே பூட்டி வைக்காதீங்க. மூடின கார் சில நிமிஷத்துல அடுப்பு மாதிரி ஆகிடும்.

2. டாக்டர் செலவு

வெறிநாய்க்கடி தடுப்பூசி கார்டு அப்டேட்டா இருக்கணும். மழைக்காலத்துல எலி சிறுநீர் கலந்த தண்ணி மூலமா லெப்டோஸ்பைரோசிஸ் பரவும், நாயிடமிருந்து மனுஷங்களுக்கும் வரும். தடுப்பூசி வேலை செய்ய நாளாகும், அதனால ஒரு மாசம் முன்னாடியே டாக்டரைப் பாருங்க. உண்ணிக்கான மருந்தையும் அப்பவே கேளுங்க. 1978ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகள் டாக்டர் கொடுக்கிற உடல்நலச் சான்றிதழைக் கேட்குது. அதைக் கிளம்ப ஓரிரு நாள் இருக்கும்போது வாங்குங்க.

இன்னொரு விஷயம்: கால்நடை கிளினிக்ல தர்ற சிகிச்சைச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. கன்சல்டேஷன் ஃபீஸ் மேல ஜிஎஸ்டி போட்டிருந்தா கேள்வி கேளுங்க.

3. ரூம்

போன்ல “நாய் ஓகே சார்” என்று சொன்னா போதாது. தனிக் கட்டணம் எவ்வளவு, டெபாசிட் எவ்வளவு, எப்போ திரும்பக் கிடைக்கும், இந்த மூணையும் வாட்ஸ்அப்லயாவது எழுத்தில் வாங்குங்க. ஒரு நாள் வாடகை ரூ.7,500 வரை உள்ள ரூமுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5% தான். பில்லைப் பாருங்க.

கேன்சல் பண்ணினா பணம் திரும்ப வர்ற புக்கிங்கா எடுங்க. தண்ணி வரத்து கூடினா அருவியில குளிக்கத் தடை போடுவாங்க. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்துல திடீர்னு வந்த வெள்ளம் ஒரு 17 வயசுப் பையனை அடிச்சுட்டுப் போயிடுச்சு. புக்கிங் பணம் போயிடுமேன்னு யாரும் அந்த ரிஸ்க்கை எடுக்கக் கூடாது.

4. அருவிக்கரையில் யார் பார்த்துப்பாங்க?

சீசன்ல பேரருவி, ஐந்தருவி ரெண்டுலயும் கூட்டம் நெரியும். போதாததுக்குக் குரங்குகள். நாயோட அங்கே போறது யாருக்கும் நல்லதில்லை. ஒருத்தர் ரூம்ல நாயோட இருக்க, மத்தவங்க முறை வச்சுக் குளிச்சுட்டு வரலாம். காட்டுப் பக்கம் கூட்டிட்டே போகாதீங்க. நாய்கள் சுமக்கிற டிஸ்டெம்பர் வைரஸ் காட்டு விலங்குகளுக்கும் தொத்தும். 2018ல் கிர் காட்டுச் சிங்கங்கள் சில செத்ததுக்கு அந்த வைரஸ்தான் காரணம்.

நாயால மத்தவங்களுக்கு ஆபத்து வராம பார்த்துக்க வேண்டியது உங்க பொறுப்பு. அலட்சியமா விட்டா பாரதிய நியாய சன்ஹிதா 291வது பிரிவின்படி 6 மாசம் வரை சிறை, ரூ.5,000 வரை அபராதம், அல்லது ரெண்டுமே. கடிபட்டவர் நஷ்டஈடு கேட்டா அது தனி. பெட் இன்சூரன்ஸ் எடுத்திருந்தா மூன்றாம் நபர் பொறுப்பு கவர் இருக்கான்னு பாருங்க.

5. டேக்ஸ்ல என்ன கிடைக்கும்?

பழைய வரி முறையில இருந்து, சம்பளத்துல எல்டிஏ இருந்தா, லீவு எடுத்துப் போற குடும்பத்தோட டிக்கெட் செலவுக்கு விலக்கு உண்டு. ரயில்னா குறுகிய வழிக்கான முதல் வகுப்பு ஏசி கட்டணம் வரைக்கும். 2026 முதல் 2029 வரையிலான 4 வருஷத்துல 2 பயணம். ஆக நாய்க்காக நீங்க எடுத்த முதல் வகுப்பு டிக்கெட் இதுக்குள்ள வரும். நாயோட லக்கேஜ் கட்டணம், ரூம், சாப்பாடு வராது. நாயோட இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு 80டி என்று நாம பழகின கழிவும் கிடையாது. புது வரி முறையில எல்டிஏ விலக்கே இல்லை.

6. கடைசிக் கேள்வி: கூட்டிட்டுப் போகணுமா?

நாய்க்காகக் கூடுதலா ஆகிற செலவை மட்டும் எடுங்க. 3 டயருக்கும் முதல் வகுப்புக்கும் உள்ள டிக்கெட் வித்தியாசம், ரூம் வித்தியாசம், லக்கேஜ் கட்டணம். தடுப்பூசி செலவு போர்டிங்ல விட்டாலும் வரும், அதைச் சேர்க்காதீங்க. உதாரணத்துக்கு, கூடுதல் செலவு ரூ.15,000, போர்டிங் 4 நாளுக்கு தினம் ரூ.700 வீதம் ரூ.2,800 என்று வச்சுக்குவோம். வித்தியாசம் ரூ.12,200. உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க.

வயசான நாய், கூட்டத்தைக் கண்டா நடுங்குற நாய், வண்டியில ஏறினாலே வாந்தி எடுக்கிற நாய்னா, தெரிஞ்சவங்க வீட்ல விட்டுட்டுப் போறதுதான் அதுக்கு நீங்க செய்ற நல்லது. பயணம் பழகின நாய், கூட்டிட்டுத்தான் போவோம்னா தாராளமா போங்க. ஆனா கிரெடிட் கார்டு இஎம்ஐல வேண்டாம். செப்டம்பர்ல ஒரு ஆர்டி ஆரம்பிச்சு மாசம் ரூ.1,500 போட்டா, ஜூன் முடியும்போது 10 தவணையில ரூ.15,000 தயார். ஜூலைச் சாரலுக்குக் கடன் இல்லாம கிளம்பலாம்.