பழைய ஆம்னிக்கு இழுவை கூட்ட: கூட்டுவதற்கு முன் மீட்பது

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறும் முன்னரே எங்கள் ஆம்னி மூச்சு வாங்கியது. ஒரு வளைவில் நின்று பின்னால் உருண்டது; பின்சீட்டில் குழந்தைகள். அன்றைக்கே முடிவு பண்ணினேன், இழுவையைக் கூட்டணும்.

இதன் இன்ஜின் 796 சிசி, மூன்று சிலிண்டர். புதிதாக இருந்தபோதே சுமார் 35 குதிரைத்திறன்தான். பெரிய கார்புரேட்டர் மாட்டலாமா என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். "சார், ஏத்துறது அப்புறம். தொலைஞ்சதை முதல்ல மீட்போம்" என்றார்.

முதலில் கம்ப்ரஷன் சோதனை. ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைந்தால், பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்க்கணும். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. இது தெரியாமல் வேறெதில் காசு போட்டாலும் வீண்.

அடுத்து டேப்பட் இடைவெளி, பிளக், ஏர் ஃபில்டர், இக்னிஷன் டைமிங். டைமிங் பிந்தினால் இழுவை குறையும், இன்ஜின் சூடேறும்.

கடைசியாக, ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்த்தோம். பின்சக்கரம் ஒன்று நகரவே அடம்பிடித்தது. பிரேக் பிடித்தபடியே இருந்திருக்கிறது! இன்ஜினைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிரேக்கும் டேப்பட்டும் சரிசெய்த பிறகு வண்டி நிற்காமல் ஏறுகிறது. ஆனாலும் 1000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. அந்த இழப்பை எந்த ஒர்க்‌ஷாப்பும் மீட்டுத் தராது. அங்கே ஆளைக் குறைக்கணும், கியரை முன்கூட்டியே இறக்கணும். அதுக்குச் செலவே இல்லை.