நிலுவையிலுள்ள வருமான வரி விபரத்திரட்டு: இலவச உதவியை நாடத் தயங்கலாகாது

18 வயதைப் பூர்த்தி செய்தோர் 2024 ஆம் ஆண்டு முதல் வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தைப் பெற வேண்டுமென அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, வரி விவகாரங்களுடன் முன்னர் தொடர்பற்றிருந்த பலரும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துடன் தொடர்புகொள்ள நேர்ந்துள்ளது. சிறு வர்த்தகர்களும் ஓய்வூதியர்களும் திணைக்களக் கடிதத்தைக் கண்டதும் அஞ்சி ஒதுங்குவதையோ, தரகர்களுக்குப் பணம் கொடுப்பதையோ நாம் காண்கின்றோம். இவ்விரண்டுமே தவிர்க்கப்பட வேண்டியவை.

மார்ச் 31 இல் முடிவடையும் மதிப்பீட்டாண்டுக்கான விபரத்திரட்டை அதனையடுத்து வரும் நவம்பர் 30 ஆம் திகதிக்கு முன்னர் சமர்ப்பிக்க வேண்டும். தவறினால், 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் பிரகாரம், செலுத்த வேண்டிய வரியில் 5 சதவீதமும் மாதந்தோறும் மேலும் 1 சதவீதமும், அல்லது 50,000 ரூபாவும் மாதந்தோறும் மேலும் 10,000 ரூபாவும் என்பவற்றுள் கூடிய தொகை தண்டப்பணமாகும். இதன் உச்ச எல்லை 4 இலட்சம் ரூபா. ஆகவே, வெறும் 10,000 ரூபா வரிக்குரிய விபரத்திரட்டை ஆறு மாதம் தாமதிக்கும் ஒருவர் 1 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா தண்டத்துக்கு ஆளாகலாம். செலுத்தாத வரிக்கான வட்டி வேறு. தொடர்ந்தும் மௌனம் சாதித்தால், கிடைக்கும் தகவல்களைக் கொண்டு திணைக்களமே வரியை மதிப்பிடும். அம்மதிப்பீட்டை ஏற்காதவர் 30 நாட்களுக்குள் மீளாய்வு கோர வேண்டும்.

ஒவ்வொரு நிலுவை ஆண்டும் அந்தந்த ஆண்டின் விதிகளுக்கமையவே கணிக்கப்படும் என்பதும் கவனிக்கத்தக்கது. 2025 ஏப்ரல் முதல் தனிநபர் வருடாந்த நிவாரணம் 18 இலட்சம் ரூபாவாயினும், 2023/24, 2024/25 ஆண்டுகளுக்கு அது 12 இலட்சமேயாகும். மறுபுறம், இந்த எல்லைக்குக் குறைந்த வருமானமுடைய முதியோரின் வைப்பு வட்டியிலிருந்து வங்கி வரியைக் கழித்திருப்பின், உரிய காலத்தில் விபரத்திரட்டைச் சமர்ப்பித்து அதனை மீளக் கோரலாம்.

இவற்றுக்கான வழிகாட்டலைத் திணைக்களத்தின் 1944 என்ற தொலைபேசி இலக்கத்திலும், கொழும்புத் தலைமையகத்திலும், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு உள்ளிட்ட பிராந்திய அலுவலகங்களிலும் கட்டணமின்றிப் பெறலாம். வங்கி வட்டிச் சான்றிதழ்கள், தொழில்தருநரின் ரீ-10 சான்றிதழ், வரவு செலவுக் கணக்கு, திணைக்களக் கடிதம் ஆகியவற்றை உடன் கொண்டு செல்வது நன்று. இணையக் கடவுச்சொல்லைத் தரகரிடம் ஒப்படைப்போர், அவர் பதிவு செய்யும் தவறான விபரங்களுக்குத் தாமே பொறுப்பாளிகள் என்பதை மறந்துவிடலாகாது.

அதேவேளை, தண்டம் விதிக்கும் அரசுக்கு விளங்கும் மொழியில் வழிகாட்டும் கடமையும் உண்டு. அரசுடன் தமிழில் கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பு உறுதிப்படுத்தியுள்ளது. எனவே, பிரதேச செயலகங்கள் தோறும் தமிழறிந்த உத்தியோகத்தர்களைக் கொண்ட நடமாடும் சேவைகள் நடத்தப்பட வேண்டும். வர்த்தக சங்கங்களும் பள்ளிவாசல், ஆலய நிர்வாகங்களும் தமது பகுதிக் கணக்காளர்களின் துணையுடன் இதற்கு இடமளிக்கலாம். தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் சாதாரண குடும்பங்களின் மீது 10,000 ரூபா சுமையாக ஏறக்கூடும் என்பதைச் சம்பந்தப்பட்டவர்கள் உணர வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம்.