யாங்கோன் தமிழ் வகுப்பும் வலையமைப்பின் சேவைத் தரமும்

யாங்கோனில் தமிழ் கற்போர் அயல்நாட்டு ஆசிரியரின் குரலை இணையவழி கேட்கையில், அதே இணைப்பில் பெரும் பதிவிறக்கமும் நிகழுமாயின் குரல் சிதையும். அதனைத் தவிர்க்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

வலையமைப்புச் சுவிட்சில் 'போலீசிங்' என்பது வேக வரம்பு விதித்தலாகும். வரம்பை மீறி வரும் தரவுப் பொதிகளைச் சுவிட்ச் கைவிடும். பதிவிறக்கம் அவ்விழப்பை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு வேகம் தணியும்; இழந்ததை மீண்டும் பெறும். நேரடிக் குரலுக்கு அவ்வாய்ப்பில்லை. ஒரு பொதி பொதுவாக 20 மில்லிநொடிக் குரலைச் சுமக்கும், அடுத்தடுத்துச் சில பொதிகள் வீழ்ந்தால் நெடில் குறிலாய்க் கேட்கும், மெய்யொலி மறையும்.

ஆதலின் வரம்பு பதிவிறக்கத்திற்கே உரியது. 10 மெகாபிட் இணைப்பாயின் அதற்கு 8 மெகாபிட் எனச் சற்றுக் குறைத்தே விதித்தல் வேண்டும். வெளிச்செல்லும் குரலுக்கு டிஎஸ்சிபி 46 என்னும் குறியிட்டு முன்னுரிமை வரிசை அளித்தல் வேண்டும். எனினும் பொது இணையத்தில் அக்குறி மதிக்கப்படும் என்னும் உறுதியில்லை.

சேவைத் தரம் உள்ள வேகத்தைப் பகிர்ந்தளிக்குமேயன்றிப் புதிதாய்ப் படைக்காது. 2021 பிப்ரவரி 15 முதல் பல வாரங்கள் மியான்மரில் இரவுதோறும் இணையம் துண்டிக்கப்பட்டது. அத்தகைய வேளையில் எச்சுவிட்சும் உதவாது; முன்னரே பதிவிறக்கி வைத்த பாடங்களே துணையாகும்.