படிவத்தில் எழுத்துரு: நடைத்தாளின் பயனும் எல்லையும்

கணிப்பொறித் திரையில் நிரப்பப்படும் படிவம் ஓர் இயக்கத்தளத்தில் செம்மையாகவும் மற்றொன்றில் சிதைந்தும் தோன்றுவது ஏன் என்பதையும், நடைத்தாள் (ஸ்டைல் ஷீட்) அக்குறையை எந்த அளவிற்கு நீக்கும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

எழுத்து வேறு, அதன் வரிவடிவம் வேறு என்பது மொழியியலின் தொடக்கப் பாடம். இப்பாடம் கணிப்பொறியில் நடைமுறையான வரலாற்றில் புணே நகருக்குத் தனியிடம் உண்டு. 1988இல் இங்குத் தொடங்கப்பெற்ற சி-டாக் நிறுவனம் இந்திய எழுத்துகளுக்கான ஜிஸ்ட் தொழில்நுட்பத்தை வளர்த்தது. அத்தொழில்நுட்பத்தோடு இணைந்த இஸ்கி குறியீட்டை இந்தியத் தர நிறுவனம் 1991இல் ஐ.எஸ். 13194 என ஏற்றது. இஸ்கியில் ககரத்திற்குத் தமிழிலும் தேவநாகரியிலும் 179 என்னும் ஒரே எண்தான். 'கொ' என்பது ககரம், ஒகரக் குறி என இரண்டு எண்களாகப் பதிவாகும். அக்காலத்து எழுத்துருக்களோ கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தெரியும் துண்டுகளுக்கே எண் வழங்கின; அவ்வெண்களும் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறின. எனவே எழுத்துருவின் பெயரை அறியாதவர்க்குப் பனுவலும் இல்லையென்றாயிற்று.

1996 திசம்பரில் வலைத்தரமாக வெளிவந்த நடைத்தாள், தோற்றத்தைப் பனுவலிலிருந்து பிரித்தது. 2006இல் க்யூடி 4.2 பதிப்பு இவ்வழக்கத்தை மேசைக்கணிப்பொறிப் படிவங்களுக்கும் கொண்டுவந்தது. வலைப்படிவத்தின் நடைத்தாளில் எழுத்துருப் பெயர்களை வரிசையாகத் தரலாம். முதலாவது கிடைக்காவிடில் அடுத்தது கொள்ளப்படும். தமிழுக்கு இவ்வரிசை இன்றியமையாதது. விண்டோசு 2000 லதா எழுத்துருவுடன் வந்தது. விண்டோசு 8 நிர்மலாவைக் கொணர்ந்தது. மெக்கிண்டாசில் தமிழ் சங்கம் உள்ளது. லினக்சில் பெரிதும் வழங்கும் லோகித், புணேயின் மாடுலர் இன்ஃபோடெக் நிறுவனத்தில் உருவாகி, 2004இல் ரெட் ஹாட் வழியாகக் கட்டற்ற உரிமத்தில் வெளிவந்தது.

ஆயின் பனுவல் ஒருங்குறியில் இருந்தாலன்றி இவ்வரிசை உதவாது. துண்டுக் குறியீட்டில் பதிந்த பெயருக்கு மாற்று எழுத்துரு அமைந்தால் பொருளற்ற குறிகளே மிஞ்சும். பழைய தரவை மாற்றாமல் நடைத்தாளை மட்டும் எழுதுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

மற்றொரு சிக்கல் அளவு பற்றியது. ஒரே புள்ளியளவிலும் ஒவ்வோர் எழுத்துருவும் மேலும் கீழும் வெவ்வேறு இடம் கொள்கின்றது. ஆங்கில எழுத்தை எண்ணி உயரம் நிலைப்படுத்தப்பட்ட கட்டத்தில் தமிழ் வெட்டுண்ணும். மேலே வெட்டுண்டால் புள்ளி மறைந்து 'க்' ககரமாகும்; கீழே வெட்டுண்டால் 'பு' பகரமாகும். புகழேந்தி என்னும் பெயரைப் பகழேந்தி எனத் திரையில் படித்து, அவ்வாறே பதிவேட்டில் எழுதிய அலுவலர் ஒருவரை யான் கண்டதுண்டு. தரவில் பிழையில்லை, ஏட்டில் அவர் பெயர் மாறிவிட்டது. கையெழுத்தில் பதிந்ததைத் திருத்த விண்ணப்பம் ஒன்றும் சான்றுகள் இரண்டும் வேண்டியிருந்தன!

கட்டத்தின் உயரத்தைத் திரைப்புள்ளிகளில் குறிக்காமல் எழுத்தளவின் மடங்காகக் குறித்தலும், வரி உயரத்தைத் தாராளமாக விடுதலும் இதற்குத் தக்க வழியாகும். 'பூ', 'ணூ', 'ஸ்ரீ' ஆகியவற்றை ஒவ்வோர் இயக்கத்தளத்திலும் தட்டச்சிட்டுப் பார்த்த பின்னரே படிவத்தை வழங்குதல் வேண்டும்.